அப்பாவின் உயரம்

கிள்ளானிலிருந்து வந்த அந்த ஆன்டி படத்தை என் கையில் கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் அதன் ஓரத்தில் இரண்டு விரல்களை ஊன்றியபடியே நின்றார். காற்றாடியின் காற்றில் பறந்துவிடும் என்ற பயம் அல்ல அது, நான் எடுத்துக்கொண்டுவிடுவேன் என்ற பயம் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. ஸ்கேனரில் வைக்க வேண்டும் என்றேன். அவரே எழுந்து வந்து வைத்தார். வேலை முடிந்து மூடியைத் திறந்ததும் அவரே எடுத்து உறைக்குள் போட்டுக்கொண்டார். "காப்பி உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமா மா? வேல முடிஞ்சதும் அழிச்சிருவீங்கல்ல?" என்று கேட்டார். பிரிக்பீல்ட்ஸில் அந்தப் போட்டோக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடமாகியிருந்தது. அப்படிக் கேட்ட வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.

என் வேலை படங்களைச் சேர்ப்பது. கல்யாணத்துக்கு வர முடியாமல் போன அண்ணனை மணமேடையில் நிறுத்துவேன். இறந்துபோன அப்பாவை மகளின் பட்டமளிப்புப் படத்தில் பின்வரிசையில் வைப்பேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஆளும் ஒரு லேயர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்களைப் போல; ஒவ்வொரு தாளிலும் ஒருவர். ஒரு தாளைத் தனியாகப் பிடித்து, மூலையில் இருக்கும் புள்ளியை இழுத்தால் அந்த ஆள் மட்டும் பெரிதாவார், சிறிதாவார். வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்வது பெரிய கஷ்டம் இல்லை. அளவுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். தலை ஒரு சுற்றுக் கூடிவிட்டால் போதும், எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய ஆள் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஆன்டி வருவதற்கு முந்தைய வருடம் எங்கள் கடைக்குப் போலீஸ் வந்திருந்தது. ஒருவர் தன் படத்தையும் ஒரு பெண்ணின் படத்தையும் கொடுத்து, கணவன் மனைவியாக நிற்பதுபோல் செய்து வாங்கிப் போயிருந்தார். அந்தப் பெண் அவருக்கு யாருமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. செய்து கொடுத்தவள் நான். அதிலிருந்து முதலாளி ஒரு விதி போட்டார்: ஆணையும் பெண்ணையும் சேர்க்கக் கேட்டால் யார், என்ன உறவு என்று விசாரிக்க வேண்டும், படத்தின் கீழ் ஓரத்தில் கடையின் சின்ன முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். ஆன்டி கொண்டு வந்தது ஒரு பெண் படமும் ஓர் ஆண் படமும். இருவரும் இளையவர்கள், இருவருமே கறுப்பு வெள்ளை. யார் இவர்கள் என்று கேட்டேன். "தெரிஞ்சவங்கதான் மா" என்றார். மறுபடி கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எங்கம்மா, எங்கப்பா" என்றார். அதை முதலிலேயே சொல்ல என்ன தயக்கம்? முத்திரை வேண்டாம் என்று வேறு சொன்னார். "சாமி ரூம்ல மாட்டுற படத்துல கடை பேரு எதுக்கு?" நியாயமான பேச்சுத்தான். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் நியாயமான பேச்சுத்தான் முதலில் பொய்யாகக் கேட்கும்.

அம்மா இறந்து வருடம் திரும்பப் போகிறது, திதிக்கு முன்னால் படம் வேண்டும் என்றார். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லையாம். அம்மாவின் படத்தில் இடுப்புக்கு மேல் தெரிந்தது. வீட்டுச் சுவரில் வருடக்கணக்காக மாட்டியிருந்த அப்பாவின் படத்தில் நெஞ்சுக்கு மேல். கோட்டு போட்ட, கழுத்து நீண்ட, நல்ல களையான மனிதர். "அப்பா அம்மாவைவிட எவ்வளவு உயரம் ஆன்டி?" என்று வழக்கம்போல் கேட்டேன். பதில் உடனே வரவில்லை. ஒருவர் தன் அப்பாவின் உயரத்தைச் சொல்ல எதற்கு யோசிக்க வேண்டும்? கடைசியில், "நல்ல உயரம். வாசல்ல குனிஞ்சுதான் உள்ள வருவாருன்னு அம்மா சொல்லும்" என்றார். மூலையைப் பிடித்து இழுத்து, அம்மாவின் உச்சி அவர் தோளில் படும்படி வைத்தேன். ஆன்டி திரையை வெகுநேரம் பார்த்தார். ரெண்டு நாளில் வருகிறேன் என்று போய்விட்டார்.

வந்தபோது, "கொஞ்சம் குறைங்க மா" என்றார். குறைத்தேன். அடுத்த வாரம் வந்து, "இல்ல, இன்னும் குறையணும். அம்மா காது வரைக்கும்தான் வருவாராம்" என்றார். இழுத்தேன். அப்பா அம்மாவைவிடக் குட்டையாகிவிட்டார். நான்கு நாள் கழித்து மறுபடி உயர்த்தச் சொன்னார். ஒரு லேயரைச் சுருக்கிச் சுருக்கிப் பெரிதாக்கினால் ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் கரையும். சுருக்கும்போது கழித்துவிட்ட நுணுக்கத்தைப் பெரிதாக்கும்போது கம்ப்யூட்டரால் திருப்பித் தர முடியாது. அதனால் மூலப் படத்தை அடியில் ஒரு தாளில் பத்திரமாக மறைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் புதிதாக நகலெடுத்தேன். 'வருவாராம்' என்ற அந்தச் சொல் மட்டும் என் மனத்தில் முள்ளாக நின்றது. யார் சொன்னது? எதற்காக இவர் யாரிடமோ கேட்டுக் கேட்டு வருகிறார்?

முதலாளி தன் மேசையிலிருந்தே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். ஆன்டி போன பிறகு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "அந்த ஆன்டிமேல ஒரு கண்ணு வச்சிக்க லா. சொந்த அப்பன் நெட்டையா குட்டையான்னு தெரியாத மக எங்கயாச்சும் இருப்பாளா? போன வருஷம் பட்டது போதும்." அடுத்த தடவை அவர் வந்ததும் நான் சுட்டியைத் தொடவே இல்லை. "ஆன்டி, நீங்க உண்மையச் சொல்லாம நான் இதுல கை வைக்க மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டது.

ஆன்டிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். "எனக்கு ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டாரு மா. அவர் நின்னு நான் பாத்ததே இல்ல. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் போய்க் கேக்குறேன்." ஆன்டி கிள்ளானில் ஒரு பள்ளியில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர், ஆசிரியர் வருகைப் பதிவேடு போலக் கோடு போட்டு எழுதியிருந்தார். ஒரு பக்கம் பெயர். மறுபக்கம் அவர்கள் சொன்ன உயரம். அம்மா: குனிந்து நுழைவார். பெரியம்மா மகள்: நெட்டை. பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்: நெட்டை என்று கேள்வி. அப்பாவோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர்: குட்டை. அம்பாங்கில் இருக்கும் அத்தை, அப்பாவின் தங்கை: அம்மாவின் காது வரை.

அந்தப் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் சந்தேகம் போகவில்லை; ஆன்டியை விட்டு வேறு இடத்துக்கு நகர்ந்தது. அம்மாவைத் தவிர நெட்டை என்று சொன்ன அத்தனை பேரும் அப்பா இறந்த பிறகு வளர்ந்தவர்கள், சுவரில் படத்தை மட்டும் பார்த்தவர்கள். குட்டை என்று சொன்ன இருவரும் ஆளைப் பார்த்தவர்கள். அன்று அதை நான் ஆன்டியிடம் சொல்லவில்லை. "அந்த ரயில்வேக்காரர்கிட்ட பழைய படம் ஏதாச்சும் இருக்கான்னு கேளுங்க" என்று மட்டும் சொன்னேன்.

படம் இருந்தது. அதைக் கடன் வாங்கி, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கிள்ளானிலிருந்து ரயிலில் கொண்டு வந்தார் ஆன்டி. தண்டவாளத்துக்கு முன்னால் முப்பது பேர் மூன்று வரிசையாக நிற்கும் படம். தொண்ணூறை நெருங்கிய அந்தப் பெரியவர் நடு வரிசையின் ஓரத்தில் ஒருவரை விரல் வைத்துக் காட்டினாராம். முகம் ஒரு பட்டாணி அளவு. பக்கத்தில் நிற்பவரின் தோளுக்குத்தான் அவர் தலை வந்தது. ஸ்கேனரை அதன் உச்சத்துக்கு வைத்து எடுத்து, அந்த முகத்தை மட்டும் வெட்டித் தனி லேயராக்கினேன். சுவரில் இருந்த படத்தின் முகத்தைப் பாதி மங்கலாக்கி அதன்மேல் வைத்தேன். ஒரே ஆள் என்றால், அளவை ஒன்றாக்கியதும் கண்மேல் கண்ணும் தாடைமேல் தாடையும் வந்து உட்கார வேண்டும். கண்களைப் பொருத்தினேன், தாடை ஒரு விரல் கீழே தொங்கியது. தாடையைப் பொருத்தினேன்; கண்கள் நெற்றிக்கு ஏறின. பட்டாணி முகம் அகலம். கோட்டுக்காரரின் முகம் நீளம். பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தேன். எந்த அளவிலும் அவர்கள் ஒருவராகவில்லை.

அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவில் திரையில் ஒரு சின்னச் சங்கிலிக் குறி உண்டு. அது பூட்டியிருக்கும் வரை ஆள் பெரிதானாலும் சிறிதானாலும் விகிதம் மாறாது. அதைக் கழற்றிவிட்டால் முகத்தை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம். ஏன் அதைச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆன்டி பக்கத்து நாற்காலியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கிலியைக் கழற்றி, பட்டாணி முகத்தை மேலிருந்து கீழாக இழுத்தேன். கண்மேல் கண் வந்தது. தாடைமேல் தாடை வந்தது.

"ஐயோ, ஒண்ணாயிருச்சே!" என்றார் ஆன்டி. அவர் சிரித்து அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அப்படியே விட்டிருக்கலாம். உயரத்தை ஏதோ ஒன்றாக வைத்து, அச்சடித்துக் கொடுத்து அனுப்பியிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் போன வருடம் போலீஸ்காரர் என் திரையைக் காட்டி, "இது நீ செஞ்சதா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. சங்கிலியை மறுபடி பூட்டினேன். முகம் பழைய அகலத்துக்குத் திரும்பியது.

"நான்தான் இழுத்தேன் ஆன்டி. இழுக்காம சேரல. இவங்க ரெண்டு பேரும் ஒரே ஆளு இல்லன்னு நெனைக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல் நாளின் அந்த இரண்டு விரல்கள் இருந்தன. கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டாதா என்று கேட்டார். கிழவருக்குக் கண் தெரியாது, வேறு யாரையோ காட்டியிருப்பார் என்றார். பிறகு எழுந்து, இரண்டு படங்களையும் அவற்றின் உறைகளில் தனித்தனியாகப் போட்டார். "சனிக்கிழம நீங்க என்கூட அம்பாங் வரணும். நான் மட்டும் கேட்டா அத்தை மழுப்பிரும். வேத்தாளு முன்னால மழுப்பாது." மகள் பேச்சு மாதிரி இல்லை அது, விசாரணைக்குப் போகிறவரின் பேச்சு.

அத்தை அம்பாங்கில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் மகனோடு இருந்தார். எண்பது தாண்டியிருக்கும், நல்ல தெளிவு. பசியாறினீர்களா என்று கேட்டு, கேசரியும் தேநீரும் கொண்டு வரச் சொன்னார். ஆன்டி எதையும் தொடவில்லை. ரயில்வே படத்தை எடுத்து, யாரென்று எதுவும் சொல்லாமல் அத்தையின் மடியில் வைத்தார். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வரிசையாக நகர்த்திக்கொண்டே போனார். நடு வரிசையின் ஓரத்தில் விரல் நின்றது. "எங்கண்ணன்!" என்றார். "இது எங்க கெடச்சிச்சு ஒனக்கு? ஐயோ, எங்கண்ணன்!" விரலை எடுக்காமலேயே அழ ஆரம்பித்தார். அவர் காட்டியது அதே ஆளைத்தான்.

ஆன்டி காத்திருந்தார். அழுகை அடங்கிய பிறகு கோட்டுக்காரரின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "அப்ப இவரு யாரு அத்த?"

அத்தை என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தேநீர் ஆறுகிறது என்றார். ஆன்டி அசையவில்லை. அத்தை இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி பேசினார். அண்ணன் திடீரென்று போனபோது வீட்டில் ஒரு படமும் இல்லை. கருமாதிக்குப் படம் வைக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆன்டியின் அம்மாவுக்கு அப்போது இருபது வயது. கிள்ளானில் ஒரு போட்டோக் கடைக்குப் போய், அவர் எப்போதாவது வந்து படம் எடுத்திருப்பாரா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தாராம். எடுத்துவிட்டு யாரும் வந்து வாங்காத படங்கள். அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கண்ணு மட்டும் அண்ணன் மாதிரி இருந்துச்சு டி. எனக்கு அன்னைக்கே தெரியும். கேட்டேன். ஒங்கம்மா என் கையப் புடிச்சிக்கிட்டா. புள்ளைக்கு ஒரு மொகம் வேணும்லன்னு கேட்டா. நான் என்ன சொல்ல?"

"உயரம்னு சொன்னதும் பொய்தானா?"

"படத்துல இருக்குறவரு அப்படி இருக்காரே. அதுக்கு ஏத்த மாதிரி அவ சொல்லிச் சொல்லி, பெறகு அவளே நம்பிட்டா."

திரும்பி வரும்போது என் காரில் ஆன்டி இரண்டு உறைகளையும் மடியில் வைத்துப் பிடித்திருந்தார். நான் எங்கள் கடையை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களிடமும் அப்படி ஒரு அலமாரித் தட்டு உண்டு. யாரும் வந்து வாங்காத கல்யாணங்கள், பாஸ்போர்ட் முகங்கள். பிரிக்பீல்ட்ஸ் வந்ததும் ஆன்டி, "அம்பது வருஷமா அந்தாளுக்கு முன்னால நின்னு எல்லாத்தையும் சொல்லியிருக்கேன் மா" என்றார். "பரீட்சை, கல்யாணம், கர்ப்பம் கலைஞ்சது... எல்லாம் ஒரு வேத்தாளுகிட்ட." கோபமா, அவமானமா, எனக்குப் பிடிபடவில்லை. இறங்கும்போது, "அம்மாகிட்ட இப்ப கேக்கவும் முடியாது" என்றார்.

இரண்டு வாரம் அவர் வரவில்லை. திதி நெருங்கிக்கொண்டிருந்தது. வந்தபோது சுருக்கமாகச் சொன்னார்: ரயில்வே படத்தில் இருப்பவரைத்தான் அம்மா பக்கத்தில் வைக்க வேண்டும். நான் பட்டாணி முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அம்மாவின் முகத்துக்குச் சமமாக வரும்போது அது கரைந்து, கண் இருக்கும் இடத்தில் இரண்டு நிழல், மூக்கு இருக்கும் இடத்தில் ஒரு வெளிச்சம் என்று ஆகிவிட்டது. அம்பாங்கில் நடந்ததை நான் சொன்னதிலிருந்து முதலாளிக்கு ஆன்டிமேல் பெரிய மரியாதை வந்திருந்தது. "பாவம், நல்லா செஞ்சு குடு லா" என்று சொல்லி, மங்கிய முகத்தைத் தானாகவே தெளிவாக்கும் புதிய மென்பொருள் ஒன்றை அவரே என் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தார். அரை நிமிடத்தில் ஒரு முகம் வந்தது. கூர்மையான கண்கள், ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய இமைமயிர், சீரான மீசை. எங்கோ விளம்பரத்தில் பார்த்த ஆள் மாதிரி இருந்தார்.

ஆன்டி திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். "இது யாரு மறுபடியும்?" என்றார்.

முதலாளி ஏதோ விளக்க வந்தார். ஆன்டி கையை உயர்த்தி நிறுத்தினார். "வேணாம் பாஸ். எங்கம்மா ஒரு தடவ இப்படிக் கொண்டாந்தது போதும். அந்த மங்கலானதையே போடுங்க. எனக்கும் அவர் அவ்வளவுதான் தெரியும்."

அப்படியே செய்தேன். அம்மா தெளிவாக, பக்கத்தில் அவர் காதளவு உயரத்தில், கரைந்த முகத்தோடு அப்பா. தொழில் என்று பார்த்தால் பத்து வருடத்தில் நான் செய்த மிக மோசமான வேலை அது. எந்த வாடிக்கையாளருக்கும் அதைக் காட்டத் துணிய மாட்டேன். கீழ் ஓரத்தில் முத்திரை வைக்கவா என்று கேட்டேன். "வைங்க" என்றார். "யாரும் கேட்டா, சேத்து வச்ச படம்னு தெரியட்டும்." கம்ப்யூட்டரில் இருக்கும் காப்பியை அழிக்கட்டுமா என்றும் கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

திதிக்கு என்னை அழைத்திருந்தார். கிள்ளானில் அவர் வீட்டு முன்னறையில் இருபது பேர்போல் இருந்தார்கள். புதிய படத்துக்குப் பெரிய மாலை போட்டிருந்தது. கண் பழகிய தொழில் என்பதால் நான் முதலில் அளவைத்தான் பார்த்தேன். பிறகுதான் பக்கத்தில், ஒரு சாண் கீழே, கோட்டுக்காரர் இருப்பதைப் பார்த்தேன். அவருக்கும் ஒரு சரம் மல்லிகை. நான் பார்ப்பதை ஆன்டி கவனித்துவிட்டு, அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "கழட்டி வச்சேன் மா. ரெண்டு நாள்கூட மனசு கேக்கல. இத்தன வருஷம் வீட்டுல இருந்தவர எங்க போகச் சொல்றது?"

இப்போது ஆன்டி செமினியில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் அந்தக் கடையை விட்டு வந்துவிட்டேன். வேறு வேலை, ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாலை போட்ட படங்களைப் பார்த்தால் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிடுகிறேன். யார் இவர், யார் கொண்டு வந்தது, உயிரோடு பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று மனம் தானாகக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. வாய்விட்டு ஒருமுறையும் கேட்டதில்லை.

போன மாதம் ஆன்டியைப் பார்க்கப் போயிருந்தேன். புது வீட்டிலும் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. மருமகனின் தங்கை ஒருத்தி வந்திருந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாமி அறைக்கு வந்தாள். மங்கலான படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கோட்டுக்காரரைக் காட்டி, "இவரு யாரு ஆன்டி? பாக்க நல்லா இருக்காரே" என்றாள்.

"எங்கப்பாவோட கூட்டாளி" என்றார் ஆன்டி. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "அப்பா போனதுலேர்ந்து எங்களோடதான் இருக்காரு."

அந்தப் பெண் தலையாட்டினாள். தட்டில் மிச்சமிருந்த பூக்களில் ஒன்றை எடுத்து, அவருக்கு வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.